பூனாகலைக்குப் போன இரவல் புத்தகம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலிருக்க என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றை அவ்வப்போது மனதுக்குள் எடுத்துப் பார்த்து, தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வேன். அந்தக் காரணங்களில் எத்தனை உண்மையானவை, எத்தனை வயிற்றெரிச்சலில் பிறந்தவை என்று பிரித்துப் பார்க்க ஐம்பத்தாறு வயதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.

இரவல் மேசை என்பது மற்றவர் புத்தகத்துக்குக் காவல் நிற்கும் வேலை. பதுளையில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இல்லாத புத்தகத்தை இன்னொரு பல்கலைக்கழக நூலகத்திடம் கேட்டுத் தபாலில் வரவழைக்க வேண்டும். கேட்டவரை உட்கார்த்தி வாசிக்கவைத்து, தவணைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் என் பிழைப்பு. கவுண்டருக்குப் பின்னால் இருந்து சம்பளம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும், வங்கியோ தபால் கந்தோரோ மருந்துக் கடையோ, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். பக்கத்து ஜன்னலில் வரிசை நீண்டு, நம் ஜன்னலில் ஈ பறக்கும்போது உள்ளே என்னவோ செய்யும். என் பக்கத்து ஜன்னலில் இருந்தவரின் பெயர் அல்போன்ஸ்.

ஈரப் பை

நானும் அல்போன்ஸும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். அவர் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, படித்து வந்தவர். அதனால் என்னை "முதலாளி" என்று கூப்பிடுவார். கடை மூடிப் பல வருடமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அவர் பாசத்தில் கூப்பிடுகிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று நான் ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

விடுமுறை முடிந்து தோட்டத்துப் பிள்ளைகள் திரும்பும் நாட்கள் எனக்குக் கஷ்டமான நாட்கள். அவருடைய கவுண்டரில் ஆனைக்கொய்யா, பேஷன் பழம், இலை சுற்றிய பலகாரம் என்று வந்து குவியும். என் மேசைக்கு விண்ணப்பப் படிவங்கள் வரும். ஒரு தடவை நான் தேநீர் குடித்துவிட்டு வந்தபோது என் மேசை நடுவில் ஒரு பை இருந்தது. உள்ளே கழுவிய கீரையும் ஐந்தாறு பழங்களும். யார் வைத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சந்தோஷம் குறைந்துவிடும் என்று பைலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, அரை மணி நேரம் நல்ல மனிதனாக வேலை பார்த்தேன். வந்தவர்களிடம் சிரித்துக்கூடப் பேசினேன். பிறகு இரண்டாம் வருட மாணவி ஒருத்தி ஓடி வந்தாள்.

"சேர், அது அல்போன்ஸ் சேருக்கு. அவரு இல்ல, அதான் உங்க மேசையில வச்சேன். ஈரமா இருக்கு, பைலுக்குப் பக்கத்துல வைக்காதீங்க."

சுற்றி வந்த கடிதம்

அந்த நாட்களில் இரவல் மேசைக்கு மரியாதை இருந்தது. மாதத்துக்கு ஒரு பைல் நிரம்பும். விரிவுரையாளர்கள் கதவருகே நின்று "என்னுடையது வந்ததா" என்று கேட்பார்கள். அவர்களில் ஒருவர் மண்ணரிப்புப் பற்றிய புத்தகமொன்றைக் கேட்டார். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். அவர்களிடம் இல்லை, என் கடிதத்திலேயே முத்திரை குத்திக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் யாரோ பொதுப் பட்டியலைப் பார்த்து, அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறதோ அந்த நூலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று கிழமை கழித்துத் தபாலைப் பிரித்தால் உள்ளே என் கடிதம், என் கையெழுத்து, இரண்டு நூலகங்களின் முத்திரை, கீழே "தயவுசெய்து உதவவும்". புத்தகம் எங்கள் நூலகத்திலேயே, இரண்டு தட்டு தள்ளி, தவறான இடத்தில் இருந்தது.

அன்று தபால் பிரிக்கும்போது அல்போன்ஸ் பக்கத்தில் நின்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் புத்தகத்தை எடுத்து, பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி, இரவல் புத்தகங்களுக்குப் போடும் காகிதப் பட்டியையும் ஒட்டி என் மேசையில் வைத்தார். விரிவுரையாளர் வந்து நூலை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, வந்திருச்சே. கொழும்பிலிருந்தா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அல்போன்ஸ் பதில் சொல்லிவிட்டார். அவர் என்னைக் காப்பாற்றினார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. என்னை வைத்துச் சிரித்தார் என்றே தோன்றியது.

"கொஞ்சம் சுத்தி வந்திச்சு சேர்."

அல்போன்ஸ் சொல்லும் கதை

இனி நான் நம்பாத கதை. வெளி நூலகங்களிலிருந்து பயிற்சிக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் அல்போன்ஸை இதைச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு மனப்பாடம்.

பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை கோகிலா, இறுதி வருடம். தேயிலை நிலங்களின் மண் பற்றி ஆய்வு. அதற்கு வேண்டிய அட்டவணைகள் ஒரே ஒரு பழைய புத்தகத்தில்தான் இருந்தன. அது வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவலாக வந்தது. திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். ஆய்வேட்டைப் புதன்கிழமை கொடுக்க வேண்டும். அந்தக் கிழமை பார்த்து அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கும்போது சரிவில் விழுந்து படுக்கையில் கிடக்கிறார். பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. பிள்ளையால் வர முடியவில்லை. மழை. பண்டாரவளையிலிருந்து மேலே போகும் பாதையில் வெள்ளி இரவே மண் இறங்கி பஸ் இல்லை. அல்போன்ஸ் சனிக்கிழமை காலையில் புத்தகத்தோடு கிளம்பி, மரக்கறி லொறியில் பாதி தூரமும் நடந்து மீதி தூரமும் போய் லயத்தில் கொடுத்தார். ஞாயிறு மறுபடி போய் வாங்கி வந்தார். பிள்ளை முதல் வகுப்பில் சித்தியடைந்தாள். இந்த இடத்தில் கை தட்டுவார்கள்.

இரவல் புத்தகங்களைப் பூட்டி வைக்கும் என் அலுமாரியிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். அந்த இடத்தை ஓடையைத் தாண்டுவதுபோல் தாண்டிவிடுவார். நானும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில். திங்கட்கிழமை காலையில் திறந்தபோது அதே தட்டில், பட்டி கலையாமல் இருந்தது. கதை பொய்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கோகிலா போன் எடுத்தது என் மேசைக்கு. "ரெண்டு நாள் மட்டும் சேர், மாமா பதுளைக்கு வந்து வாங்கிட்டுப் போவாரு" என்றாள். இரவல் புத்தகம் நூலகத்துக்குள் மட்டுமே, வெளியே கொடுக்க விதியில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். நகல் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டாள். மெஷினை நிறுத்தியாயிற்று என்றேன். அதுவும் உண்மை, நான்தான் பத்து நிமிடத்துக்கு முன் நிறுத்தினேன். அல்போன்ஸின் கதை உண்மையென்றால், நான் முடியாது என்று சொன்னது முடிகிற காரியம் என்றாகிவிடும். எனவே கதை பொய்யாக இருக்க வேண்டியது எனக்கு அவசியமாக இருந்தது. கோகிலாவின் ஆய்வேட்டில் நன்றி சொல்லும் பக்கத்தை எத்தனையோ தடவை திறந்து பார்த்திருக்கிறேன். அல்போன்ஸின் பெயர் இருக்கும். உதவிக்கு நன்றி என்று பொதுவாக எழுதியிருக்கிறாள், அது எதையும் நிரூபிக்காது என்று மூடி வைப்பேன்.

ஒரு பயிற்சி நாளில் கைதட்டல் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகும்போது, எங்கள் நூலகர் மெடம் என் பக்கம் திரும்பினார். அவர் யாரையும் நோகடிக்கிறவர் அல்ல.

"மாணிக்கம், நீங்களும் அந்த நேரம் இங்கதானே இருந்தீங்க? உங்களுக்கு இப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையா?"

மேலே ஒரு சேர்

பிறகு காலம் மாறியது. முதலில் முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு அத்தியாயம் போதும் என்றார்கள். பிறகு அத்தியாயமும் தபாலில் வேண்டாம், ஈமெயிலில் வரட்டும் என்றார்கள். அதற்கும் பிறகு என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மேல்மாடியில் கம்பியூட்டர் பிரிவு திறந்தார்கள். அதற்கு அல்போன்ஸைப் போட்டார்கள். நானும் விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்தில் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள், அதற்குச் சரியான பதிலும் சொன்னேன். இருந்தும் அவர்தான்.

என் படிவத்தைப் பாதி நிரப்பிக்கொண்டிருந்த மாணவியின் போன் ஒருநாள் கிணுங்கியது. "அங்கிள், கிழிச்சிருங்க. குரூப்ல போட்டுட்டாங்க" என்று எழுந்து போய்விட்டாள். அந்த அங்கிளும் எனக்குப் பிடிக்கவில்லை. அல்போன்ஸுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. அவர் இன்றுவரை சேர்.

பசறையிலிருந்து ஓர் ஆசிரியர், முதுகலை படிக்கிறவர், ஒரு கட்டுரை கேட்டு வந்தார். எனக்குப் புது உயிர் வந்தது. படிவத்தை விளக்கினேன், எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம் என்று சொன்னேன், இரண்டு கிழமையில் வரும் என்றேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கழிப்பறை எங்கே என்று விசாரித்து மாடிக்குப் போனார். போனவர் நாற்பது நிமிடம் வரவில்லை. அல்போன்ஸ் அந்தக் கட்டுரையை எழுதியவருக்கே ஈமெயில் போட்டிருக்கிறார். எழுதியவர் உடனே அனுப்பிவிட்டார். ஆசிரியர் மறுபடி இறங்கி வந்து, குடையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்திலும் எனக்கு ஓர் உதவி செய்ய நினைத்தார்.

"சேர், மேல ஒரு சேர் இருக்காரு. உங்களுக்கு எப்பவாவது ஏதும் புத்தகம் தேவைப்பட்டா அவர்கிட்ட கேட்டுப் பாருங்க."

அலுமாரி

சென்ற வருட முடிவில் கடிதம் வந்தது. இரவல் மேசை தனியாக வேண்டாம், மேல்மாடிப் பிரிவோடு சேர்த்தாயிற்று, ஜனவரியிலிருந்து நான் அங்கே. அதாவது அல்போன்ஸுக்குக் கீழே. நூலகர் மெடம் நேரில் கூப்பிட்டுச் சொன்னார், மேலே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றார்.

அலுமாரியைக் காலி செய்யும் நாளில் பார்த்துச் சாவியைக் காணவில்லை. சட்டைப் பை, மேசை லாச்சி, வீடு எல்லாம் தேடினேன். பியூன் சோமபால, எங்களோடு பழகிப் பழகி எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர், நான் பூட்டைப் பிடித்து ஆட்டுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு துடைப்பமும் பினாயிலும் வைக்கும் அலுமாரியின் சாவியைக் கொண்டு வந்து போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. நான் அந்தச் சாவியை வாங்கிப் பார்த்தேன். என் சாவியில் இருக்கும் அதே இலக்கம். பதினெட்டு வருடமாக நான் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, பஸ் நிறுத்தத்திலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பூட்டு அது. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிட்டார் போல.

"எல்லாம் ஒரே தடவையில வாங்கின அலுமாரி சேர். எந்தச் சாவியும் எதுக்கும் போடும். அல்போன்ஸ் சேருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

கோகிலா

நான் பிடித்துக்கொண்டிருந்த கடைசிக் காரணமும் போயிற்று. அதே மாதம் கோகிலா வந்தாள். இப்போது இன்னொரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். எங்கள் பீடத்தில் ஒருநாள் கருத்தரங்கு. மத்தியான இடைவேளையில் நூலகத்துக்கு வந்திருந்தாள். மாடிப்படிக்கு வழி காட்ட நான் கையை நீட்டினேன். அவள் படியைப் பார்க்கவில்லை.

"உங்களப் பாக்கத்தான் சேர் வந்தேன்."

என்னை எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பல வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன். "அந்தச் சனிக்கிழமை அல்போன்ஸ் நெசமாவே வந்தாராம்மா?"

"வந்தாரே சேர். முழங்கால் வரைக்கும் சேறு. ரெண்டு காலுலயும் அட்டை கடிச்சு ரத்தம். எங்கம்மா படுத்த இடத்துலருந்தே உப்பு எடுத்துக் குடுன்னு கத்துது. புத்தகத்த மூணு சொப்பிங் பேக்ல சுத்தி சட்டைக்குள்ள வச்சிருந்தாரு. ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அட்டவணை எல்லாத்தையும் பாத்து எழுதிக்கிட்டேன். மறுபடி வந்து வாங்கிட்டுப் போனாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க குடுத்துவிட்டதுன்னு சொன்னாரு."

"யாரு?"

"நீங்கதான் சேர். போன்ல முடியாதுன்னு சொன்னது பக்கத்துல ஆள் நின்னதாலயாம். அப்பறம் நீங்களே அலுமாரியத் தொறந்து எடுத்துக் குடுத்தீங்களாம். வெளிய தெரிஞ்சா மாணிக்கம் சேர் வேலைக்கு ஆபத்து, அவர்கிட்டயே போய் நன்றி சொல்லிறாதேன்னு சொன்னாரு. அதான் ஆய்வேட்டுல அவரு பேர மட்டும் போட்டேன். இப்பவும் கூட்டத்துல இந்தக் கதைய சொல்லும்போது உங்கள விட்டுட்டுத்தான் சொல்றாராமே."

கவுண்டரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இல்லை, நான் கொடுக்கவில்லை என்று சொல்ல நேரம் இருந்தது. இடைவேளை முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. கோகிலா இரண்டு கையும் கூப்பினாள், கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இருக்கலாம், பரவாயில்லை என்றும் இருக்கலாம். எந்தப் பக்கமும் சேராத மாதிரி ஆட்டினேன்.

"இத்தன வருஷமா மனசுல கெடந்துச்சு சேர். இப்ப சொன்னா உங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லையே?"

மேல்மாடி

பொறாமை குறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். குறையவில்லை. முன்பு அவரிடம் இருந்த நல்ல பெயரை மட்டும் பார்த்து வயிறெரிந்தேன். இப்போது என் கணக்கில் இருக்கும் ஒரே நல்ல காரியமும் அவர் செய்ததாகிவிட்டது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று ஒரு கிழமை யோசித்தேன். பிள்ளை என்னை வெறுக்கக் கூடாது என்றா? அடுத்த தடவையும் படிவத்தோடு தயங்காமல் என் மேசைக்கு வரட்டும் என்றா? அல்லது என்னைப் பற்றி நான் நினைப்பதைவிட நல்லதாக ஏதாவது நினைத்தாரா? நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால், அந்தச் சேற்றோடும் அட்டைக்கடியோடும் லயத்து வாசலில் நின்று, முதல் வேலையாக மறுத்தவனின் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். இதைப் பல கோணத்தில் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, சொல்லியிருப்பேன்.

ஜனவரி முதல் வேலைநாளில் என் பைல்களை மேலே தூக்கிப் போனேன். அல்போன்ஸ் தன் நீளமான மேசையில் ஜன்னல் பக்கத்துப் பாதியைத் துடைத்து வைத்திருந்தார். "வாங்க முதலாளி, வெளிச்சம் இருக்கிற பக்கம் உங்களுக்கு" என்றார். பிளேன்டீயை நகர்த்தி வைத்தார். வெளியே நமுனுகுல மலை மேகத்துக்குள் இருந்தது. அவர் தன் கம்பியூட்டரைப் போட்டு அது எழும்பும்வரை காத்திருந்தார். அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதும் என்று தோன்றியது. பிறர் புத்தகங்களை ஒரு நாள்கூடப் பிந்தாமல் திருப்பி அனுப்பிய நான், எனக்குச் சேராத ஒரு நன்றியை மட்டும் கிழமைக் கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

"அல்போன்ஸ், அன்னைக்கு நான் முடியாதுன்னு சொன்னத பக்கத்து ஜன்னல்ல நின்னு கேட்டது நீங்கதானே, அப்பறம் ஏன் அந்தப் புள்ளகிட்ட நான்தான் குடுத்தேன்னு சொன்னீங்க?"